ஆய்வுகூடக் குளிரும் வாவிச் சேற்றின் சூடும்



நாவற்குடாவில், வாவிக் காற்றுப் படும் இந்த மண்டபத்தில், என்னைத் தலைமைக் கதிரையில் இருத்தியமைக்கு நன்றி. கை கொஞ்சம் நடுங்குகிறது. முன்வரிசையில் இருப்பவர்களிற் பலர் என் கட்டுரைகளில் பிழை பிடித்தவர்கள். மென்களி நிலத்தில் கட்டுவதுதான் மாநாட்டின் கருப்பொருள். கட்டுநாயக்க அதிவேக வீதிக்காகச் சதுப்பில் என்னென்ன செய்தார்கள் என்பதை இன்றும் நாளையும் கேட்பீர்கள். களி இறுகுவது பற்றிய தெர்சாகியின் 1925ஆம் ஆண்டுக் கொள்கையை இந்தச் சபைக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே என் பழைய வழக்குக்கே வருகிறேன்.

இறுக்கச் சோதனைக்கான ஈடோமீட்டர் வளையத்துள் களியை வைத்துப் பாரம் ஏற்றுகிறோம்; மணிக்கூட்டைப் பார்க்கிறோம். வெப்பமானியைப் பார்ப்பது யார்? 1936இல், மண் பொறியியலின் முதலாவது சர்வதேச மாநாட்டிலேயே, ஹமில்டன் கிறே இதை எழுப்பிவிட்டார்: வெப்பநிலை ஏறினால் களி மேலும் அமுங்குகிறது. நான்கு பக்கக் குறிப்பு. நம்மவர் கட்டுரைகளில் அதை எடுத்தாள்வது அரிது.

நீர் வெளியேறும் வேகம் எல்லாருக்கும் தெரிந்த கதை. 20 பாகையிலிருந்து 28க்குப் போனால் நீரின் பிசுக்குமை ஆறிலொரு பங்கு குறையும். பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டிய இறுக்கம் பத்து மாதத்தில் முடியும். அதில் யாருக்கும் வழக்கில்லை. வழக்கு அமுங்கும் அளவைப் பற்றியது. களி தன் பழைய பாரத்தை நினைவில் வைத்திருக்கும் அழுத்தம், அதாவது அது பெரிதாக அமுங்கத் தொடங்கும் எல்லை, ஒரு பாகை ஏற நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று குறைகிறது என்று 1996இல் லெருவேயும் மார்க்கெசும் தொகுத்துக் காட்டினர். பாங்கொக்குக்கு அருகே ஆசிய தொழினுட்ப நிறுவகத்தில் பெர்கடோவும் அபுவல்-நாகாவும் பாங்கொக் மென்களியை 90 பாகை வரை சூடாக்கினார்கள்; இறுகிப்போன களி, ஆறிய பிறகும் பழைய பருமனுக்குத் திரும்பவில்லை.

பல வருடங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கில் மதிப்புக்குரிய மூத்தவர் ஒருவர், "தம்பி, இது குளிர்நாட்டான் கவலை" என்று சிரித்தார். அன்று மரியாதைக்கு வாய் மூடினேன். இன்று மைக் என் கையில். ஐயா, சுவீடன்காரனின் களி நிலத்துக்கடியில் குளிர்ந்து கிடக்கிறது. அவன் ஆய்வுகூடம் அதைவிடச் சூடு. ஆகவே சோதனையில் தெரிவதைவிட அவன் நிலம் உறுதி. நமக்கோ தலைகீழ். வாவியோரச் சேறு ஆண்டு முழுதும் 28 பாகையை ஒட்டிக் கிடக்க, நாம் அதை ஏசி அறையில் சோதிக்கிறோம். காகிதத்தில் உறுதியாகத் தெரியும் மண், கிரவல் கொட்டி மேடாக்கியதும் சொன்னதைவிட முந்தி இளகும். அவனுடைய பிழை அவனைக் காக்கிறது. நம்முடையது நம் மதிலை வெடிக்க வைக்கிறது.

மாதிரி எடுக்கும்போது மண் குழம்புவது இதைவிடப் பெரிய பிழை என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அது உறுதியைக் குறைத்துக் காட்டுவதால் இரண்டும் ஈடாகிவிடும் என்று ஒரு நண்பர் ஆறுதல் சொன்னார். அந்த நம்பிக்கையில் கடன் எடுத்து வீடு கட்ட அவரே முன்வருவாரா என்று கேட்டேன். பதில் இன்னும் வரவில்லை.

நான் கேட்பது அதிகமில்லை. துளையிடும்போது ஒரு வெப்பமானியையும் இறக்குங்கள். பெறுபேற்றுத் தாளில் ஒரு கட்டம் கூட்டுங்கள்: சோதித்த வெப்பநிலை.