மீனுக்கு மாவுச் சட்டை

(கோட்டைக்குப்பத்தில் மீனவர், ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



கோட்டைக்குப்பத்தில் நின்றுகொண்டு மீனைப் பற்றிப் பேசுவது கொல்லர் தெருவில் ஊசி விற்கிற கதைதான். பாடு முறை வைத்து, இன்றைக்கு யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று தலைமுறை தலைமுறையாக ஒழுங்கு செய்துகொண்டவர்கள் நீங்கள். மடவையைப் பற்றியும் வெள்ளை இறாலைப் பற்றியும் உங்களுக்குச் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. நாங்கள் பேச வந்தது இன்னொரு மீனைப் பற்றி. முள் எடுத்து, ரொட்டித் தூள் பூசி, உறைய வைத்து, அட்டைப் பெட்டியில் போட்டு விற்கிறார்களே, அந்த மீனைப் பற்றி. கும்மிடிப்பூண்டி பக்கம் ஆலை வேலைக்குப் போகிற தோழர்கள் கேட்கிறார்கள்: "பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள், விலையும் கூட, அவ்வளவு விலைக்குச் சத்தும் கூட இருக்குமா?" நியாயமான கேள்வி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். உறைய வைப்பதால் மீனின் சத்து போய்விடும் என்பது தவறு. மெதுவாக உறைந்தால் சதைக்குள் பெரிய பெரிய பனிக்கட்டி உண்டாகி, சதையைக் கிழித்து, பிறகு சாறெல்லாம் ஒழுகும். வேகமாக உறைய வைத்தால் அப்படி ஆகாது. கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர், 1912-க்குப் பிறகு சில வருஷங்கள் லாப்ரடார் என்னும் குளிர்ப் பிரதேசத்தில் இருந்தபோது, அங்குள்ள பூர்வகுடி ஜனங்கள் மீனை உறைய வைத்த விதத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயம் இது. ஜனங்களின் அறிவு, கம்பெனி நடந்தது அவர் பெயரில்! மாவு பூசிய மீன் குச்சி 1953-ல் அமெரிக்காவிலும் 1955-ல் இங்கிலாந்திலும் கடைக்கு வந்தது. நம் நாட்டில் 1957-ல் ஏற்பட்ட கொச்சி மத்திய மீன் தொழில்நுட்ப நிலையமும் இந்தப் பண்டத்தைச் செய்யும் முறையைக் கற்றுத் தருகிறது. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. மீன் துண்டை மாவுக் கரைசலில் முக்கி, ரொட்டித் தூளில் புரட்டி, எண்ணெயில் ஒரு தரம் காட்டி எடுத்து உறைய வைக்கிறார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். அமெரிக்காவில் பொரித்து உறைய வைத்த மீன் குச்சியில், நூற்றுக்கு 60 பங்கு மீன் இருந்தாலே முதல் தரம் என்று ஒத்துக்கொள்கிறார்கள். மீதி 40 பங்கு மாவும் எண்ணெயும்தான். வெள்ளைச் சதை மீன் 100 கிராமில் புரதம் சுமார் 18 கிராம், கொழுப்பு 1 கிராம் அளவு. சட்டை போட்ட மீன் 100 கிராமில் புரதம் 11 முதல் 13 கிராம். கொழுப்போ 12, 13 கிராமுக்கு ஏறிவிடுகிறது. மாவுச்சத்து 20 கிராம் அளவு. உப்பு ஒரு கிராம் அளவு. நாள் முழுவதற்கும் 5 கிராமுக்கு உள்ளே உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

"கொழுப்பும் மாவும் பலம்தானே? மூட்டை தூக்குகிறவனுக்கு அது வேண்டாமா?" என்று ஒரு தோழர் கேட்கலாம். வேண்டும். ஆனால் அந்தப் பலத்தைச் சோறு மலிவாகவே தருகிறது. நமக்குக் குறைவது புரதம். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 54 கிராம் புரதம் வேண்டும் என்பது ஐதராபாத் தேசிய சத்துணவு நிலையத்தின் கணக்கு. (நம் குன்னூரில் பிறந்த நிலையம்தான் அது, 1958-ல் ஐதராபாத்துக்குப் போயிற்று.) 400 கிராம் அரிசி சாப்பிட்டால் 28 கிராம் அளவு புரதம் கிடைக்கும். மிச்சம் 26 கிராமுக்கு எங்கே போவது? தலை, குடல், முள் போக 150 கிராம் கவலை மீனோ மத்தியோ இருந்தால் ஏறக்குறைய ஈடாகிவிடும். பெட்டி மீன் என்றால் 200 கிராமுக்கு மேல் வேண்டும். அரிசியையும் மைதாவையும் நாம் ஏற்கெனவே விலை கொடுத்து வாங்குகிறோம். மறுபடியும் மைதாவையே மீன் விலைக்கு வாங்குவானேன்?

இன்னும் இருக்கிறது. நெத்திலியையும் காரப்பொடியையும் முள்ளோடு மென்று தின்கிறோம். எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அந்த முள்ளில் இருக்கிறது. பெட்டி மீனில் முள் கிடையாது, அந்தச் சத்தும் கிடையாது. மத்தியின் எண்ணெய் இருதயத்துக்கு நல்லது என்று இன்றைக்கு எல்லா வைத்தியர்களும் சொல்கிறார்கள். பெட்டி மீனில் ஏறுகிற எண்ணெய் பொரித்த சட்டியின் எண்ணெய். கருவாட்டிலும் புரதம் நிறைய உண்டு, உப்பும் நிறைய. இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அளவாகத்தான் சாப்பிட வேண்டும். ஊறவைத்துக் கழுவினால் உப்பு கொஞ்சம் குறையும்.

ஆனால் அந்தச் சின்ன மீன் நம் சட்டிக்கு வந்து சேருகிறதா? 1952-ல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் கையெழுத்திட்டுக் கேரளத்தில் நீண்டகரை பக்கம் ஒரு திட்டம் தொடங்கின. மீனவர் வருமானமும் ஜனங்களின் ஆரோக்கியமும் உயர வேண்டும், நல்ல மீன் உள்ளூரில் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். ஐஸ் வந்தது, குளிர்பதன ஆலை வந்தது. 1953-ல் கொச்சியிலிருந்து உறைந்த இறால் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. அதற்குப் பிறகு இயந்திரப் படகும் ஐஸும் இறாலின் பின்னாலேயே ஓடின. ஏழையின் தட்டுக்கென்று வந்த யந்திரம் ஏற்றுமதிக்காரருக்கு உழைத்தது! இறாலாவது போகட்டும், அதன் காசில் அரிசி வாங்கலாம். இன்றைக்கு மத்தியும் பொடி மீனும்கூட மீன்மாவு ஆலைக்குப் போய், கோழிக்கும் பண்ணை இறாலுக்கும் தீனியாகின்றன. இந்தக் கரையில் ஏலம் முடிவதற்குள் வீட்டுக் குழம்புக்கு மீன் எடுத்து வைக்கிற வழக்கம் உண்டல்லவா? அதை எந்த வியாபாரியின் அவசரத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள்.

பெட்டி வாங்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. முள்ளுக்குப் பயந்து மீனைத் தொடாத குழந்தை அதைத் தின்றால் தின்னட்டும். வாங்குமுன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். மீன் முதலில் இருக்கிறதா, 100 கிராமுக்குப் புரதம் எத்தனை என்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். வீட்டிலும் செய்யலாம். மடவையை முள் நீக்கி, முட்டையில் முக்கி, ரஸ்க் தூளில் மெல்லப் புரட்டி, தோசைக்கல்லில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டுச் சுட்டெடுத்தால் அதே பண்டம்தான். மீனும் கூடுதலாக இருக்கும். ஆலைக் கான்டீனில் மீன் போடுகிற நாளன்று, தட்டில் விழுவதில் மீன் எத்தனை, மாவு எத்தனை என்று கான்டீன் கமிட்டித் தோழர்கள் சட்டையைப் பிரித்து எடை போட்டுப் பார்க்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கணக்கோடு வாருங்கள்.