ஆறில்லா நாட்டில் ஓர் உலா



தென்னிலங்கையிலிருந்து என் இல்லத்துக்கு விருந்தினராக வந்த நண்பர் ஒருவர் ஒருநாள் மாலை என்னை நோக்கி, "அதிபர், உங்கள் நாட்டில் மலை இல்லை, அருவி இல்லை, அடர்ந்த காடு இல்லை, ஆண்டு முழுவதும் ஓடும் ஓர் ஆறுதானும் இல்லை. இங்கே வருகின்றவர் எதைத்தான் பார்ப்பது?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. நான் உடனே விடை கூறவில்லை. மறுநாட் காலை அவரைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று, ஒரு செம்பு நீர் அள்ளிக் கொடுத்தேன். அவர் அதனைப் பருகிவிட்டு, "கடல் இத்துணை அண்மையில் இருக்க, இந்த நீர் எவ்வாறு இனிக்கின்றது?" என்று வியந்தார். "அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றுவோம்; பார்க்கவேண்டியவை தாமாகவே வந்து எதிர்ப்படும்" என்றேன். அன்று தொடங்கி மூன்று நாள் நாங்கள் சென்ற வழியிலேயே இன்று உங்களையும் அழைத்துச் செல்ல விரும்புகின்றேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வரும் வழிகள் பல. 1956 ஆம் ஆண்டு முதல் ஓடிய 'யாழ்தேவி' புகையிரதம் போரினால் 1990 இல் யாழ்ப்பாணம் வருவதை நிறுத்தி, 2014 ஒக்ரோபரில் மீண்டும் வந்து சேர்ந்தது. பலாலி விமான நிலையம் 2019 இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பற் சேவை 2023 இல் தொடங்கப்பட்டது. ஆயினும் தரைவழியாக ஆனையிறவைக் கடந்து வருவதையே நான் சிறப்பென்பேன். அங்கே வீதியின் இருமருங்கும் உப்புநீரும் உப்பளமுமாகக் காட்சியளிக்கும். 1991 இலும் 2000 இலும் பெரும் போர்கள் நிகழ்ந்த களமும் அதுவே. உப்பு நீரைத் தாண்டியே இந்நாட்டுக்குள் நுழைகின்றோம் என்பதை அந்த இடம் நமக்கு உணர்த்தும்.

உள்ளே வந்தால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமதரை. வானத்தைத் தொட நிற்பவை பனைகளும் கோபுரங்களுமே. செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செழித்திருக்கும். இவற்றுக்கெல்லாம் நீர் எங்கிருந்து வந்தது? அராலியில் கடலேரியோடு கலக்கும் வழுக்கையாறு என்ற ஒன்று உண்டு. அதுவும் மாரிகாலத்தில் மட்டுமே ஓடும். மற்றெல்லாம் நிலத்தின் கீழ் மறைந்திருக்கும் நீரே.

குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக் கல். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை அக்கல்லின் பிளவுகளினூடே கீழிறங்கித் தங்குகின்றது. கடல்நீரும் நாற்புறத்திலிருந்தும் அக்கல்லினுள் ஊடுருவி நிற்கின்றது. நன்னீர் பாரம் குறைந்தது. ஆதலால் அது உப்புநீரின் மீது மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் நூலார் கண்ட கணக்கு. இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். மேலே ஓரடி குறையும்படி நாம் இறைத்துவிட்டால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்புநீர் 40 அடி மேலெழும். இந்த ஒரு செய்தியை அறிந்தவருக்கு யாழ்ப்பாணத்தின் பாதி விளங்கிவிடும்.

முதல் நாளை நகரத்துக்கென ஒதுக்குக. கடலேரியின் ஓரத்தில் ஐங்கோண வடிவில் நிற்கும் கோட்டையிலிருந்து தொடங்கலாம். 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் இதனைக் கட்டினர். 1658 இல் ஒல்லாந்தர் இதனைக் கவர்ந்து விரிவாக்கினர். 1795 இல் இது ஆங்கிலேயர் வசமாயிற்று. மாலை வெயிலில் அதன் மதிலில் நின்று பண்ணைக் கடலைப் பார்ப்பது ஓர் இன்பம்.

கோட்டைக்கு அண்மையில் வெண்ணிறமாக நிற்பது பொது நூலகம். 1959 இல் திறக்கப்பட்ட அக்கட்டடம் 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் திகதி இரவு தீயிடப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தன. பின்னர் மீளக் கட்டப்பெற்றுத் திறக்கப்பட்டது. அங்கே செல்வோர் வாயிலில் நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடக் கூடாது. அனுமதிக்கப்படும் நேரத்தில் உள்ளே சென்று, பள்ளிப் பிள்ளைகள் அமர்ந்து படிக்கும் காட்சியைச் சத்தமின்றிக் காணவேண்டும். எரிந்த ஏடுகள் மீளா. படிக்கும் பழக்கம் எரியவில்லை என்பதற்கு அப்பிள்ளைகளே சாட்சி.

பின்னர் நல்லூருக்குச் செல்க. இப்போதுள்ள கந்தசுவாமி கோயில் 1734 இல் அமைந்தது. ஆடவர் மேலாடையின்றியே உட்செல்லல் வேண்டும். 25 நாள் நிகழும் மகோற்சவம் ஆவணி அமாவாசைத் தீர்த்தத்தோடு நிறைவுறும். அக்காலத்தில் வீதிகள்தோறும் தண்ணீர்ப் பந்தல்களைக் காணலாம். முகம் அறியாத வழிப்போக்கனுக்கும் மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வார்ப்பர். கோயிலுக்குச் சற்றுத் தொலைவில், அரசர் காலத்து நினைவாகிய யமுனா ஏரி என்னும் கேணி உண்டு. யமுனை நதியின் நீரைக் கொணர்ந்து அதிற் சேர்த்தனர் என்பது மரபு. ஆறில்லாத நாட்டவர் தம் கேணிக்கு ஓர் ஆற்றின் பெயரைச் சூட்டி மகிழ்ந்தனர் போலும்!

இரண்டாம் நாள் வடக்கு நோக்கிப் புறப்படுவோம். புத்தூருக்கு அண்மையில் நவக்கிரி என்னுமிடத்தில் நிலாவரைக் கிணறு இருக்கின்றது. இராமபிரான் வானரர்களின் தாகம் தணிக்க அம்பினால் நிலத்தைத் துளைத்தார் என்பது கர்ண பரம்பரைக் கதை. அது சுண்ணாம்புக் கல் இடிந்து உண்டான இயற்கைப் பள்ளம் என்பது அறிவியல். மேல்நீர் நன்னீர்; ஆழம் செல்லச் செல்ல உப்பு. சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றபோது, ஒரு சிறுவன், "ஐயா, இது வற்றாத கிணறு என்கிறார்களே, அப்படியானால் எவ்வளவும் இறைக்கலாந்தானே?" என்று கேட்டான். வற்றாது என்பது உண்மை, மகனே. ஆனால் நன்னீர் முடிந்த பின் வருவது கடல் என்று அவனுக்குக் கூறினேன். அவன் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு நெடுநேரம் மௌனமாயிருந்தான். நிலாவரையைப் பார்க்கும் முறை அதுவே என்று எனக்குத் தோன்றியது.

அங்கிருந்து கீரிமலைக்குச் செல்லலாம். அலைகள் வந்து மோதும் கரையருகே, கட்டிய கேணியில் நன்னீர் ஊறுகின்றது. ஒருபுறம் உப்பு, ஒரு சுவர் தாண்டினால் நன்னீர். கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் இங்கே நீராடி நன்முகம் பெற்றார் என்றும், குதிரைமுகம் நீங்கப்பெற்ற சோழ இளவரசியினாலே மாவிட்டபுரம் கோயில் எழுந்தது என்றும் கூறுவர். ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தோர் இங்கு வந்து நீராடிப் பிதிர்க்கடன் செய்வர். ஆதலின், கேணியில் குளித்து விளையாட வருவோர், அருகில் ஒருவர் கண்ணீரோடு எள்ளும் நீரும் இறைத்துக்கொண்டிருக்கக்கூடும் என்பதை மறவாதிருப்பது நன்று.

இந்த வலிகாமம் வடக்குப் பகுதி மக்கள் 1990 இல் இடம்பெயர்ந்தனர். போர் 2009 இல் முடிந்தபின் காணிகள் கட்டங் கட்டமாக விடுவிக்கப்பட்டன. திரும்பி வந்தோர் சிலரை அந்நாட்களில் நான் கண்டேன். கூரையில்லாத வீட்டை அவர்கள் முதலிற் பார்க்கவில்லை. பற்றையை வெட்டி விலக்கிக் கிணற்றைத் தேடினர். கிணறு இறைத்துத் துப்புரவான பின்பே, "இனி இருக்கலாம்" என்றனர். வழியில் இடிந்த வீடுகளைக் காணும் பிரயாணிகள் அவற்றை வேடிக்கைப் பொருளாகக் கருதாதிருப்பாராக.

மாலையில் வடமராட்சிப் பக்கம் திரும்புவோம். தொண்டைமானாற்றில், அன்னதானத்துக்குப் பெயர்பெற்ற செல்வச்சந்நிதி முருகன் கோயிலை வணங்கி, அருகிலுள்ள தடுப்பணையையும் பாருங்கள். கடல்நீர் உட்புகாது தடுத்து, மழைநீரைத் தேக்கி, கடலேரிகளை நன்னீர் ஏரிகளாக்கவேண்டும் என்று பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1950 களில் திட்டம் வகுத்தார். 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்று அது பெயர்பெற்றது. அத்திட்டம் முழுமையாக நிறைவேறவில்லை. ஆயினும் அக்கனவு இன்றும் எம்மவர் பேச்சில் உயிரோடிருக்கின்றது.

பருத்தித்துறையில் தெருமூடிமடம் என்னும் கல் மண்டபம் வீதியை மூடி நிற்கின்றது. அதன் இருபுறத் திண்ணைகளிலும் வழிநடந்தோர் அமர்ந்து இளைப்பாறினர். பழைய யாழ்ப்பாணத்து வீதிகளில் மடமும், கேணியும், தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கியும், கால்நடைகள் நீர் குடிக்கத் தொட்டியும், அவை உடலை உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக் கல்லும் அமைத்து வைத்தனர். மனிதனுக்கு மட்டுமன்றி மாட்டுக்கும் தாகம் உண்டு என்று எண்ணியோர் அவர்கள். அவ்வாறானவை இன்னும் சிற்சில இடங்களில் எஞ்சியுள்ளன. மோட்டார் வண்டியின் வேகத்தில் அவை கண்ணிற் படா. துவிச்சக்கர வண்டியிற் சென்றாற் காணலாம்.

பருத்தித்துறைக்குத் தென்கிழக்கே வல்லிபுரத்தில் ஆழ்வார் கோயில் இருக்கின்றது. 1936 இல் எழுத்துப் பொறித்த பொன்னேடு ஒன்று கண்டெடுக்கப்பட்டதும் இவ்வூரிலேயே. அப்பாலுள்ள மணற்காட்டில் மணற்குன்றுகளும், மணலிற் புதைந்த பழைய தேவாலயத்தின் இடிபாடுகளும் காணத்தக்கன. அம்மணல் அழகுக்கு மட்டும் உரியதன்று. மழைநீரை வடித்துத் தன்னுள் வைத்திருக்கும் பாத்திரமும் அதுவே. மணலை அள்ளுவோர் நீரையும் அள்ளிச் செல்கின்றனர்.

மூன்றாம் நாள் தீவுகளுக்கு உரியது. பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறையை அடைந்தால், சிறிது நேரப் படகுப் பயணத்தில் நயினாதீவு. நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் அங்கே ஒரே கரையில் நிற்கின்றன. இருசாராரும் ஒரே படகில் வருகின்றனர். நெடுந்தீவு செல்ல ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேண்டும். காலைப் படகைப் பிடித்துச் செல்வதும், திரும்பும் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வதும் புத்தி. முருகைக் கற்களை அடுக்கிய வேலிகள், பருத்த பெருக்கமரம், ஒல்லாந்தர் காலத்துக் கட்டட இடிபாடுகள், ஐரோப்பியர் ஆட்சிக்காலத்திலிருந்து வழிவழியாகத் திரியும் கட்டைக் குதிரைகள் ஆகியவை அத்தீவின் காட்சிகள். வறட்சிக் காலத்தில் அக்குதிரைகள் நீருக்காக அலைவதைக் கண்டால், குடாநாட்டின் கதை முழுவதும் அங்கே சுருங்கி நிற்பது புலனாகும்.

இனி உணவு. ஆடிக்கு முன் வருவோர் கறுத்தக் கொழும்பான் மாம்பழத்தைத் தவறவிடக் கூடாது. ஒடியற் கூழ், புழுக்கொடியல், பனாட்டு, பனங்கட்டி ஆகியவற்றைச் சந்தையில் விற்கும் பெண்களிடமே வாங்குக. பனை நீர் ஊற்றாமலே வளரும் மரம்; அதன் பண்டத்தை வாங்குவோர் இந்நிலத்துக்கு ஏற்ற தொழிலை வாழ்விக்கின்றனர்.

நேயர்களே, இத்துணையும் கூறியபின் ஒன்றை மறைத்தல் தகாது. நாம் புகழ்ந்த அந்நீர் இன்று இடருற்றிருக்கின்றது. அன்று துலா மிதித்து இறைத்தோர் தம் உடல் வலிமைக்கு இயன்ற அளவே இறைத்தனர்; இன்று இயந்திரத்துக்குக் களைப்பில்லை. மிகையாக இட்ட உரம் நைத்திரேற்றாகக் கிணறுகளிற் கலக்கின்றது. மலக்குழிகளின் கசிவும் சேர்கின்றது. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019 இல் தீர்ப்பளிக்கப்பட்டது. 2024 இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. மழைநீரை நம்பி வாழ்ந்த நாடு கடலைக் காய்ச்சாக் குறையாகக் குடிக்கத் தொடங்கியுள்ளது என்பதே இதன் பொருள்.

விருந்தினரிடம் இதைச் சொல்வது முறையோ என்று சிலர் கேட்கலாம். விடுதிகள் பெருகி, ஒவ்வோர் அறைக்கும் நீர் ஓடும் இக்காலத்தில், விருந்தினரிடமும் சொல்லத்தான் வேண்டும். விடுதிக் குழாயைத் திறக்கும்போது அதன் மறுமுனையில் ஒரு கிணறு இருக்கின்றது என்று நினையுங்கள். கேணிக் கரையில் வெறும் போத்தலை எறியாதீர்கள். எங்கள் கடமை இதனிலும் பெரிது. எமது முன்னோர் தூர் வாரிக் காத்த குளங்களையும் கேணிகளையும் நாமே மண்ணும் குப்பையும் இட்டு நிரப்பிவிட்டு, விருந்தினரைக் குறைகூறல் அழகன்று.

என் நண்பர் நான்காம் நாட் காலை புறப்படுமுன், தாமே கிணற்றடிக்குச் சென்று ஒரு செம்பு நீர் அள்ளிப் பருகினார். "அடுத்தமுறை வரும்போதும் இந்த நீர் இப்படியே இனிக்குமா?" என்று கேட்டார். அன்று அவருக்கு, "இனிக்கும்" என்று துணிந்து சொல்ல என்னால் முடியவில்லை. "நாங்கள் ஒழுங்காக நடந்துகொண்டால் இனிக்கும்" என்று மட்டுமே சொன்னேன்.

யாழ்ப்பாணத்துக்கு வாருங்கள். அவசரமின்றி வாருங்கள். எந்த வீட்டுப் படலையைத் தட்டினாலும், முதலில் உங்கள் கைக்கு வருவது ஒரு செம்பு தண்ணீராகவே இருக்கும். ஆறில்லாத நாட்டில் அதனிலும் பெரிய உபசாரம் வேறில்லை.