பிளக் இல்லாத மெஷின்



1971ஆம் ஆண்டு அப்பல்லோ 15 பயணத்தில் நிலவில் இறங்கிய டேவிட் ஸ்காட்டுக்கு அங்கே ஒரு வேலை கொடுக்கப்பட்டிருந்தது. நிலவின் உள்ளிருந்து எவ்வளவு வெப்பம் வெளியே வருகிறது என்று அளக்கும் கருவியை இறக்க, தரையில் சுமார் மூன்று மீட்டர் ஆழத்துக்குத் துளை போடவேண்டும். கையில் பேட்டரியில் ஓடும் டிரில்லிங் மெஷின். ஒன்றரை மீட்டர் சொச்சம் இறங்கியதும் மண் இறுகப் பிடித்துக்கொண்டது. அதற்குமேல் நகரவில்லை. மண் மாதிரி எடுக்க இறக்கிய இன்னொரு குழாய் வெளியே வர மறுத்தது. அடுத்த முறை கலத்தை விட்டு இறங்கியபோது அவரும் ஜேம்ஸ் இர்வினும் சேர்ந்து மல்லுக்கட்டித்தான் அதைப் பிடுங்கினார்கள்.

வயர் இல்லாத டிரில்லிங் மெஷினே நாசாவுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒரு கதை உலவுகிறது. அது சரியல்ல. பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1961இலேயே அப்படி ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது. நிலவு வேலை பிறகுதான் வந்தது. அந்த முதல் மெஷின்களில் இருந்தது நிக்கல் காட்மியம் பேட்டரி. எடை அதிகம், சக்தி குறைவு. 1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2005 வாக்கில் அது கைக்கருவிகளுக்குள் நுழைந்த பிறகு நிலைமை மாறியது. இன்று கர்ட்டன் ராடு மாட்ட, அலமாரி பூட்ட, ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்க என்று சாதாரண வீடுகளிலும் பேட்டரி டிரில் ஒன்று பெட்டியில் இருக்கிறது.

இதன் பெரிய நன்மை, 230 வோல்ட் மின்சாரம் கைக்கு வருவதில்லை என்பது. ஈரத் தரையில் இழுபடும் வயர் இல்லை. தோல் உரிந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லை. ஆனால் அந்த வயரோடு நல்ல பழக்கம் ஒன்றும் போய்விட்டது. வயர் உள்ள மெஷினில் பிட் மாற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்று பழைய ஆசாரிகள் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். பேட்டரி மெஷினில் பிடுங்க எதுவும் இல்லை என்று கை நினைத்துக்கொள்கிறது. உண்மையில் அதன் பிளக் அந்த பேட்டரிதான். அது மாட்டியிருக்கும்வரை, ஏணியில் இருந்தாலும் பையில் இருந்தாலும் குழந்தை கையில் இருந்தாலும், மெஷின் ஓடத் தயாராகவே இருக்கிறது.

பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக் என்ற பாகத்தை இறுக்கும் விதத்தைப் பார்த்தாலே இது புரியும். ஒரு கையால் சக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டிரிக்கரை அமுக்கி இறுக்குவது பலருக்கும் வழக்கம். வேகமாக முடியும், பார்ப்பதற்கு அனுபவசாலி மாதிரியும் இருக்கும். விரல் கொஞ்சம் கூடுதலாக அமுங்கினால் பிட்டின் விளிம்பு உள்ளங்கையைக் கிழிக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் திருகினால் பத்து நொடி அதிகமாகும், அவ்வளவுதான். சற்று நேரம் கீழே வைப்பதென்றால் டிரிக்கருக்கு மேலே உள்ள திசை மாற்றும் பட்டனை நடுவில் நிறுத்தலாம். அந்த நிலையில் டிரிக்கர் அமுங்காது. பெரும்பாலான மெஷின்களில் இந்த வசதி உண்டு. வாங்கி வருஷக்கணக்கான பிறகும் அதை அறியாதவர்களும் உண்டு.

நிலவில் பிட் சிக்கியதுபோல வீட்டிலும் சிக்கும். சுவருக்குள் கம்பியோ ஜல்லியோ பிட்டைப் பிடித்துவிட்டால் பிட்டைச் சுழற்ற வேண்டிய விசை திரும்பி மெஷினைச் சுழற்றும். மணிக்கட்டு முறுக்கிக்கொள்வது அப்போதுதான். கம்பெனி கொடுக்கும் பக்கவாட்டுக் கைப்பிடியை மாட்டி இரண்டு கையாலும் பிடிப்பதற்குக் காரணம் இதுவே. ஏணியின் உச்சிப்படியில் ஒற்றைக் கையால் எட்டிப் பிடித்துத் துளை போடும்போது திருகல் வந்தால் மணிக்கட்டோடு நிற்காது, ஆளையே கீழே தள்ளும்.

இனி சுவர். பேட்டரி மெஷினில் ஷாக் அடிக்காது என்ற நம்பிக்கை இங்கேதான் காலை வாருகிறது. மெஷினில் 18 வோல்ட்தான். ஆனால் சுவருக்குள் 230 வோல்ட் ஓடுகிறது. பிட் போய் வயரைத் தொட்டால், பிட்டும் அதைப் பிடித்திருக்கும் இரும்புச் சக்கும் மின்சாரத்தை வெளியே கொண்டுவரும். வயர் எங்கே போகிறது என்பதற்குப் பொதுவான ஒரு கணக்கு உண்டு. சுவிட்ச் போர்டிலிருந்து பைப்புகள் நேர் மேலே, நேர் கீழே, சில வீடுகளில் நேர் பக்கவாட்டில் போகும். அந்தக் கோடுகளில் துளை போடக்கூடாது. குளியலறையில் கீசருக்கும் குழாய்க்கும் நேராக உள்ள இடத்தில் தண்ணீர் பைப் இருக்கும். ஆனால் எல்லா எலக்ட்ரீஷியனும் இந்தக் கணக்குப்படி நடந்திருப்பார் என்று நம்ப முடியாது. அவசரத்தில் குறுக்காக இழுத்த வயரும் உண்டு.

இந்த இடத்தில் பேட்டரி மெஷினுக்கு மட்டுமே உள்ள ஒரு சலுகையை மறக்கக்கூடாது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டே இதைக்கொண்டு துளை போடலாம். வயர் மெஷினில் அது நடக்காது. ஆனால் மெயினை அணைப்பது மட்டும் போதாது. மின்வெட்டுக் காலத்தில் வாங்கி வைத்த இன்வெர்ட்டர் நம் ஊரில் பல வீடுகளில் இருக்கிறது. மெயினை அணைத்ததும் அது கரண்ட் போய்விட்டது என்று நினைத்து விளக்குக்கும் ஃபேனுக்கும் தன் பேட்டரியிலிருந்து மின்சாரத்தை அனுப்ப ஆரம்பித்துவிடும். எனவே இன்வெர்ட்டரையும் அணைத்து, ஃபேன் நின்றுவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் சுவரில் கை வைக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் செய்தால் விளக்கும் தேவைப்படாது.

டிரில்லை விட அஞ்ச வேண்டியது, வட்ட வீலைச் சுழற்றி இரும்பும் கல்லும் அறுக்கும் ஆங்கிள் கிரைண்டர். நான்கு இஞ்ச் வீல் நிமிடத்துக்கு 10,000 சுற்றுச் சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் வீல் உடைந்தால் சில்லுகள் எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. அதைத் தடுக்கத்தான் தகட்டுக் கார்டு இருக்கிறது. பலரும் முதல் நாளே கழற்றி எறிவதும் அதைத்தான். கார்டைக் கழற்றினால் ஐந்து இஞ்ச் வீலும் நுழைகிறது, மரம் அறுக்கும் பல் பிளேடும் நுழைகிறது. இந்த இரண்டும் கூடாது. பெரிய வீலைச் சின்ன மெஷினில் போட்டால், தாங்கும் வேகத்தை மீறிச் சுற்றக்கூடும். பல் பிளேடோ மரத்தில் கவ்விக்கொண்டால், மெஷின் பிடித்தவரை நோக்கித் துள்ளும். அவ்வளவு வேகத்தில் துள்ளுவதைக் கையால் அடக்க முடியாது. மரம் அறுக்க வேண்டுமானால் ஜிக்சா இருக்கிறது, வட்ட ரம்பம் இருக்கிறது, நல்ல கைரம்பமும் இருக்கிறது.

இரும்பு பைப்பை அறுக்கும்போதும் துள்ளல் வரும். இரண்டு முனைக்கும் தாங்கு கொடுத்து நடுவில் அறுத்தால், பைப் தன் பாரத்தாலேயே தொய்ந்து வெட்டை மூடி வீலைக் கவ்வும். அறுபட்டு விழ வேண்டிய பக்கத்தைத் தாங்கு இல்லாமல் விட்டால் வெட்டு தானாகத் திறந்துகொண்டே வரும். வீலின் நடுவளையத்தில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். ஈரத்தில் கிடந்ததையும் கீழே விழுந்ததையும் பயன்படுத்தக்கூடாது. மெல்லிய கட்டிங் வீலின் பக்கத்தை வைத்துத் தேய்க்கக்கூடாது. சுவிட்சை அணைத்த பிறகும் பல மெஷின்களில் வீல் சில நொடி சுற்றும். நின்றபிறகே கீழே வைக்கவேண்டும். தெறிக்கும் பொறி எரியும் இரும்புத்துகள். பெயிண்ட் டப்பா, தின்னர், கேஸ் சிலிண்டர் பக்கத்தில் இந்த வேலையே வேண்டாம்.

பாதுகாப்புக் கண்ணாடி எந்த வேலைக்கும் கட்டாயம். மூக்குக்கண்ணாடி அதற்கு ஈடாகாது, பக்கங்கள் திறந்திருக்கும். டைல்ஸ், கிரானைட், கான்கிரீட் அறுக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும். அதற்கு மருந்து கிடையாது. புற்றுநோய்க்கும் அது காரணமாகிறது. சமையல் மேடைக்குப் போடும் செயற்கைக் கல்லை அறுத்த இளம் தொழிலாளர்கள் இந்த நோய்க்கு ஆளானதால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அந்தக் கல்லையே தடை செய்தது. கைக்குட்டை கட்டிக்கொள்வது பயன் தராது; என்95 முகமூடி வேண்டும், தண்ணீர் தெளித்தபடி அறுக்க வேண்டும். துப்பட்டா, முந்தானை, தொங்கும் சங்கிலி, அவிழ்ந்த கூந்தல், அடையாள அட்டை நாடா எல்லாம் சுழலும் பாகத்துக்கு எட்டாமல் ஒதுங்க வேண்டும். டிரில் ஓட்டும்போது தொளதொளத்த துணிக் கையுறையும் கூடாது. அதைப் பிட் சுற்றிக்கொண்டால் விரலும் சேர்ந்து போகும்.

பேட்டரிக்கு வருவோம். உள்ளே ஐந்து செல்கள் தொடராக இருக்கும். ஒன்றுக்கு 3.6 வோல்ட் வீதம் 18. முழுதாகச் சார்ஜ் ஏறினால் ஒன்றுக்கு 4.2 வீதம் 21. ஒரே மாதிரி பேட்டரியை ஒரு கம்பெனி 18 என்றும் இன்னொன்று 21 என்றும் எழுதுவதன் ரகசியம் இதுதான். 21ஐப் பார்த்துக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. அந்தச் செல்களுக்கு அதிகச் சூடும் முறையற்ற சார்ஜும் ஆகாது. பொதுவாக 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சார்ஜ் போடக்கூடாது என்பார்கள் தயாரிப்பாளர்கள். நம் சித்திரை வெயிலில் மொட்டை மாடியும் பூட்டிய காரும் அதைச் சுலபமாகத் தாண்டும். வேலை முடிந்த சூட்டோடு சார்ஜரில் செருகாமல் ஆறவிட வேண்டும். சார்ஜர் அந்தக் கம்பெனியுடையதாக இருக்கட்டும். மெத்தைமேலும் அடுப்பங்கரையிலும் வைக்கவேண்டாம், எல்லாரும் தூங்கும் நேரத்திலும் வேண்டாம். ஆணியும் சாவியும் கிடக்கும் பையில் பேட்டரியைப் போட்டால், இரு முனைகளுக்கும் நடுவே உலோகம் பட்டு ஷார்ட் ஆகும். அங்கே ஷாக் அடிக்காது, தீப்பிடிக்கும். உப்பிய பேட்டரியையும் கருகிய வாசனை வருவதையும் மறுபடி சார்ஜ் போடக்கூடாது. பற்றிக்கொண்டால் வீட்டாரை வெளியேற்றிவிட்டு 101ஐ அழைக்க வேண்டும்.

வளைகுடாவிலிருந்து ஊருக்கு மெஷின் கொண்டுவருபவர்களுக்கு ஒரு தகவல். மெஷினைச் செக்‑இன் பெட்டியில் வைக்கலாம், தனியாகக் கழற்றிய பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். வோல்ட்டை ஆம்பியர் ஹவரால் பெருக்கினால் வாட் ஹவர் கிடைக்கும். 18 வோல்ட், 5 ஆம்பியர் ஹவர் என்றால் 90, நூற்றுக்குள் அடங்குகிறது. 6 ஆம்பியர் ஹவர் என்றால் 108, அதற்கு விமானக் கம்பெனியின் அனுமதி வேண்டும். உயிர் போன பழைய பேட்டரியைக் குப்பை வண்டியில் போடக்கூடாது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்திருக்கின்றன. முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, வாங்கிய கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு வாங்கும் இடத்திலோ கொடுத்துவிடுங்கள்.