பணிமூப்பும் சம ஊதியமும்: நகராட்சி ஊழியர் வழக்குகள்

நகராட்சி ஊழியர் ஒருவர் நீதிமன்றத்தை நாடும்போது அவருடைய மனுவில் இரண்டு குறைகளில் ஒன்று இருப்பதை அடிக்கடி காணலாம். தமக்குப் பின்னால் வந்தவர் தமக்கு முன்னால் வைக்கப்பட்டார் என்பது ஒன்று. தாம் செய்யும் அதே வேலையைச் செய்பவர் தம்மைவிட அதிகம் பெறுகிறார் என்பது மற்றொன்று. முன்னது பணிமூப்பு வழக்கு. பின்னது ஊதியச் சமநிலை வழக்கு. அலுவலகங்களில் இவ்விரண்டும் ஒரே கட்டில் கட்டி வைக்கப்படுகின்றன. ஒரே பிரிவு எழுத்தர் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே எதிருரையைத் தயாரிக்கிறார். ஆனால் பொருளாதார நோக்கில் இவை முற்றிலும் வேறான தகராறுகள்.

சம ஊதியம் கோருபவர் நகராட்சியின் கருவூலத்திடம் கோருகிறார். அவர் வென்றால் பக்கத்து மேசையில் இருப்பவருக்கு ஒரு காசும் நட்டமில்லை. பணிமூப்புக் கோருபவரோ பக்கத்து மேசையில் இருப்பவரிடமிருந்தே கோருகிறார். பட்டியலில் ஒருவர் ஐந்து இடம் ஏறினால், ஐந்து பேர் ஓரிடம் இறங்கியாக வேண்டும். அந்த ஐவரும் மனுவில் எதிர்த்தரப்பினராகச் சேர்க்கப்பட்டார்களா என்பதே பல வழக்குகளில் முதற் கேள்வியாக எழுகிறது.

இவ்வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டில் தெளிவாக வரையறுத்தது. ஓய்வூதியம் பற்றிய ஒரு வழக்கில் அது கூறிய கருத்தின் சாரம் இது: ஊதியம் அல்லது ஓய்வூதியம் குறைவாக நிர்ணயிக்கப்பட்டிருந்தால் அத்தவறு மாதந்தோறும் புதிதாக நிகழ்கிறது; ஆகவே காலந்தாழ்ந்து வந்தாலும் பரிகாரம் அளிக்கலாம். ஆயினும் நிலுவைத் தொகை, மனுச் செய்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கே பொதுவாக வழங்கப்படும். பணிமூப்பும் பதவி உயர்வும் அவ்வாறல்ல. அவற்றில் தாமதம் கோரிக்கையையே பழுதாக்கிவிடும். ஏனெனில் இடைப்பட்ட காலத்தில் பிறர் உரிமை பெற்றுவிட்டனர். முடிந்துபோன பணிமூப்பைப் பல ஆண்டுகளுக்குப் பின் கிளறுவது நிர்வாகத்தைக் குலைக்கும் என்று 1975ஆம் ஆண்டிலேயே அந்நீதிமன்றம் எச்சரித்திருந்தது. சம்பளக் குறை உள்ளவர் காத்திருந்தால் நிலுவையில் ஒரு பகுதியை இழப்பார். பணிமூப்புக் குறை உள்ளவர் காத்திருந்தால் அனைத்தையும் இழக்க நேரலாம்.

அவர் யாருடைய ஊழியர்?

உள்ளாட்சி என்பது அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 5ஆம் இனம். 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம் நகராட்சிகளுக்குத் தேர்தலையும், பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பணித்துறைகளையும், மாநில நிதிக் குழுவையும் தந்தது. ஆனால் எத்தனை பணியிடம், என்ன சம்பள விகிதம் என்பவை பெரும்பாலும் மாநில அரசின் ஒப்புதலுக்கு உட்பட்டவை. வேலை வாங்குவது ஓர் அமைப்பு. விகிதத்தை நிர்ணயிப்பது மற்றோர் அமைப்பு. தகராறுகளின் ஊற்றுக்கண்களில் இது முக்கியமானது.

சட்டத்தின் முன்னும் இவ்வூழியருக்கு இரட்டை நிலைதான். அவர் மாநிலத்தின் குடியியற் பதவி வகிப்பவர் அல்லர். ஆகவே 311ஆவது ஷரத்தின் காப்பு அவருக்குக் கிடையாது. ஆனால் 12ஆவது ஷரத்து உள்ளாட்சி அமைப்பையும் ‘அரசு’ என்ற சொல்லில் அடக்குவதால், 14, 16 ஆகிய ஷரத்துகளின் சமத்துவ உரிமை அவருக்கு உண்டு. அதன் பேரில் அவர் உயர் நீதிமன்றத்தில் 226ஆவது ஷரத்தின் கீழ் மனுச் செய்யலாம். மறுபுறம், நகராட்சியில் எழும் தகராறு தொழில் தகராறு ஆகக்கூடும் என்று 1953இல் வங்காளத்தின் பட்ஜ் பட்ஜ் நகராட்சி வழக்கிலும், நாகபுரி மாநகராட்சியின் பல துறைகள் ‘தொழில்’ ஆகும் என்று 1960இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1978ஆம் ஆண்டின் பெங்களூர்க் குடிநீர் வாரிய வழக்கு அச்சொல்லின் எல்லையை மேலும் விரித்தது. இவ்வாறு, 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தின் வழியே தொழிலாளர் நீதிமன்றமும் தீர்ப்பாயமும் இரண்டாவது வாயிலாகத் திறந்தன. நடைமுறையில் எழுத்தரும் பொறியாளரும் முதல் வாயிலையும், துப்புரவுத் தொழிலாளரும் தோட்டக்காரரும் தம் சங்கத்தின் மூலம் இரண்டாவது வாயிலையும் நாடுவது வழக்கமாயிற்று. ஒரே நகராட்சியின் இரு பிரிவினர் இரு வேறு மன்றங்களில் இரு வேறு அளவுகோல்களால் அளக்கப்பட்டனர்.

பட்டியலில் இடம்

பணிமூப்புத் தகராறு எவ்வாறு பிறக்கிறது என்பதை மாணவர்கள் ஓர் உதாரணத்தால் அறியலாம். ஒரு மாநகராட்சியின் விதிகளின்படி உதவிப் பொறியாளர் பதவிகளில் பாதி நேரடித் தேர்வாலும் பாதி பதவி உயர்வாலும் நிரப்பப்பட வேண்டும் எனக் கொள்வோம். நேரடித் தேர்வுக்கு அறிவிப்பு வெளியாகவில்லை. சாலையும் சாக்கடையும் காத்திராது. எனவே ஆறு ஆண்டுகள் எல்லா இடங்களும் பதவி உயர்வாலேயே, ‘தற்காலிகம்’ என்ற குறிப்புடன் நிரப்பப்படுகின்றன. ஏழாம் ஆண்டில் நேரடித் தேர்வர்கள் வந்து, தம் பங்குக்குரிய பழைய இடங்களைச் சுட்டி, ஆறு ஆண்டு உழைத்தவர்களுக்கு மேலே தம் பெயரை வைக்குமாறு கேட்கின்றனர். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. தவறு செய்தது தேர்வை நடத்தாத நிர்வாகம்; அது மட்டும் இவ்வழக்கில் எதையும் இழப்பதில்லை.

நிரந்தரமாக்கும் ஆணையின் தேதியே பணிமூப்பை நிர்ணயிக்கும் என்பது பழைய வழக்கம். அந்த ஆணை எப்போது வரும் என்பது எவருக்கும் தெரியாத ஒன்று. அதைக் கொண்டு ஒருவரது எதிர்காலத்தை அளக்கலாகாது என்று 1977இல் மகாராஷ்டிரப் பொறியாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 1990இல் அதே மாநிலத்து நேரடித் தேர்வுப் பொறியாளர் வழக்கில் அரசியல் சாசன அமர்வு விதியை நிலைநிறுத்தியது. விதிப்படி நியமிக்கப்பட்டவரின் மூப்பு நியமன நாளிலிருந்து கணக்கிடப்படும். விதிக்குப் புறம்பாக இடைக்கால ஏற்பாடாக அமர்த்தப்பட்டவரின் காலம் சேராது. ஆயினும் முறை சற்றுத் தவறி நியமிக்கப்பட்டு, இடையறாது பணிபுரிந்து, பின் விதிப்படி முறைப்படுத்தப்பட்டவரின் காலம் சேரும். இந்த இரண்டாவது, மூன்றாவது கூற்றுகளுக்கு இடையிலுள்ள மெல்லிய கோட்டில்தான் அதற்குப் பிந்தைய வழக்குகள் பலவும் நடக்கின்றன. காலியிடம் தோன்றிய ஆண்டையோ தேர்வு தொடங்கிய ஆண்டையோ கொண்டு, பணியில் சேராதவருக்கு மூப்பு வழங்கலாகாது என்று 2019 நவம்பரில் மணிப்பூர்க் காவல் துறை அலுவலர் வழக்கில் தீர்ப்பாயிற்று. 2012ஆம் ஆண்டின் மாறான தீர்ப்பு அதனால் நீக்கப்பட்டது. ஆயினும் பழைய தீர்ப்பின்படி முன்னரே முடிவான பட்டியல்களை நீதிமன்றம் கலைக்கவில்லை.

நகரங்கள் இணைவதும் பிரிவதும் மூப்புச் சிக்கலுக்குத் தனி வாயில். 2007இல் 12 நகராட்சிகள் ஐதராபாத் மாநகராட்சியுடன் இணைந்தன. அதே ஆண்டில் பெங்களூரிலும் சுற்றியிருந்த நகராட்சிகளும் 110 கிராமங்களும் ஒரே அமைப்பாயின. தில்லி மாநகராட்சி 2012இல் மூன்றாகப் பிரிந்து 2022இல் மீண்டும் ஒன்றாயிற்று. சிற்றூரின் தலைமை எழுத்தர் மாநகரின் எந்த எழுத்தருக்குச் சமம்? இதற்கு விடை புதிதாகத் தேட வேண்டியதில்லை. மாநிலச் சீரமைப்பை ஒட்டி 1956 மே மாதம் புனாவில் கூடிய தலைமைச் செயலாளர்கள் நான்கு அளவுகோல்களை வகுத்தனர்: பதவியின் தன்மையும் கடமையும், பொறுப்பும் அதிகார எல்லையும், குறைந்தபட்சக் கல்வித் தகுதி, சம்பளம். சம்பளம் கடைசியில் நிற்பது தற்செயலன்று. முதல் மூன்றும் ஒத்திருந்தால் சம்பள வேறுபாடு பொருட்டல்ல என்று உச்ச நீதிமன்றம் 1981இல் விளக்கியது. ஏழை நகராட்சியில் குறைந்த விகிதத்தில் உழைத்தவர், அந்த ஏழ்மைக்காக இணைப்பிலும் கீழே தள்ளப்படலாகாது என்பதே இதன் பொருள்.

வேலையும் கூலியும்

‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்பது அரசியல் சட்டத்தின் 39ஆவது ஷரத்தில் வழிகாட்டும் நெறியாக உள்ளது. 1962இல் வருமான வரி அதிகாரிகள் தொடர்பான வழக்கில், இக்கொள்கைக்கும் 14ஆவது ஷரத்துக்கும் தொடர்பில்லை என்று உச்ச நீதிமன்றம் கருதியது. இருபது ஆண்டுகள் கழித்து நிலை மாறிற்று. தில்லிப் போலீசில் வண்டி ஓட்டிய காவலர் ஒருவர், தில்லி நிர்வாகத்தின் பிற ஓட்டுநர்களைவிடத் தமக்குக் குறைந்த விகிதம் தரப்படுவதாக முறையிட்டார். நீதிபதி சின்னப்ப ரெட்டி 1982இல் எழுதிய தீர்ப்பு, அடிப்படை உரிமைகளில் இக்கொள்கை நேரடியாக எழுதப்படாவிடினும், 14, 16 ஆகிய ஷரத்துகளை முகவுரையோடும் வழிகாட்டும் நெறிகளோடும் சேர்த்துப் படித்தால் அது கிடைக்கும் என்றது.

அதன் பின் வழக்குகள் பெருகின. நீதிமன்றமும் சற்றுப் பின்வாங்கியது. பதவியின் பெயர் ஒன்றாயிருப்பதால் மட்டும் வேலை ஒன்றாகிவிடாது. பொறுப்பு, நம்பகத்தன்மை, தகுதி ஆகியவற்றை எடைபோடுவது ஊதியக் குழு போன்ற வல்லுநர் அமைப்புகளின் வேலை என்று 1989, 1992 ஆகிய ஆண்டுகளின் தீர்ப்புகள் கூறின. இது நியாயமான எச்சரிக்கையே. ஆனால் பல நகராட்சிகள் இதை ஒரு கேடயமாக மட்டுமே எடுத்துக்கொண்டன. வல்லுநர் ஆய்வு எதையும் நடத்தாமலே ‘இது வல்லுநர் ஆராய வேண்டிய விஷயம்’ என்று எதிருரை தருவது எந்த நீதிபதியையும் நெடுநாள் திருப்தி செய்யாது.

இக்கொள்கையின் உண்மையான சோதனைக் களம் தினக்கூலியே. 2016 அக்டோபரில் பஞ்சாப் அரசு தொடர்பான வழக்கில், நிரந்தர ஊழியரின் கடமைகளையே செய்யும் தற்காலிக ஊழியருக்கு அந்தச் சம்பள விகிதத்தின் குறைந்தபட்ச நிலை உரியது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆண்டு உயர்வு அதில் அடங்காது. வேலை ஒன்றே என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் ஊழியருடையதே. ஒரு கணக்குப் பார்க்கலாம். 400 தினக்கூலிகளுக்கு மாதம் தலா 8,000 ரூபாய் குறைவாகக் கொடுக்கும் நகராட்சி ஆண்டுக்கு 3 கோடியே 84 லட்சம் ரூபாய் மிச்சப்படுத்துவதாக வரவு செலவுத் திட்டம் காட்டும். மூன்றாண்டு நிலுவையுடன் தீர்ப்பு வந்தால் 11 கோடியே 52 லட்சம் ஒரே தவணையில் புறப்படும். மிச்சம் பிடித்த பணமோ ஏற்கெனவே செலவாகிவிட்டது. எனவே அதைச் சிக்கனம் என்பதைவிட, வட்டி குறிக்கப்படாத கடன் என்பதே பொருந்தும்.

நிரந்தரமாக்குதல் இதிலிருந்து வேறுபட்ட கேள்வி. கொல்லைப்புற வழியாக வந்தவரை நீதிமன்ற ஆணையால் நிரந்தரமாக்கலாகாது என்று 2006 ஏப்ரலில் கர்நாடக வழக்கில் அரசியல் சாசன அமர்வு தடுத்தது. ஆனால் ஒப்புதல் பெற்ற பணியிடத்தில் பத்தாண்டுக்கு மேல், நீதிமன்றத் தடையாணைகளின் துணையின்றி உழைத்த, தகுதியுள்ளோரை ஒரே தடவை நடவடிக்கையாக முறைப்படுத்தவும், இனி இத்தகைய நியமனங்களைத் தவிர்க்கவும் அதே தீர்ப்பு பணித்தது. நிர்வாகங்கள் முதற்பாதியை மனப்பாடம் செய்தன, பிற்பாதி மறந்துபோயிற்று. மும்பை மாநகராட்சியில் ஒப்பந்த முறையில் குப்பை அள்ளிய சுமார் 2,700 தொழிலாளரை நிரந்தரமாக்கும் தீர்ப்பாய முடிவை உச்ச நீதிமன்றம் 2017இல் உறுதி செய்தது. 2025 ஜனவரியில் காசியாபாத் நகராட்சித் தோட்டக்காரர் வழக்கில், தொடர்ச்சியான வேலையை ஆண்டுக்கணக்கில் வாங்கிக்கொண்டு 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பின்னால் ஒளியலாகாது என்று கூறி, அவர்களை மீண்டும் அமர்த்தவும், பாதி நிலுவைக் கூலி தரவும், முறைப்படுத்தும் நடவடிக்கையைத் தொடங்கவும் ஆணையிட்டது. அவர்கள் பணியிலிருந்து நிறுத்தப்பட்டது 2005இல்.

நிதி இல்லை என்ற விடை வெறும் சாக்கு அன்று. நகராட்சிகளின் வருவாய் பத்தாண்டுக்கும் மேலாக நாட்டின் மொத்த உற்பத்தியில் 1 சதவீதத்தை ஒட்டியே தேங்கியிருந்ததாக ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டு அறிக்கையில் காட்டியது. பல மாநிலங்கள் நகர நுழைவு வரியை முன்பே கைவிட்டன. மும்பையில் அது 2017 ஜூலை 1 அன்று சரக்கு சேவை வரியில் கரைந்தது. ஆயினும் தில்லி மாநகராட்சிகளின் சம்பள பாக்கி வழக்கில், நிதிப் பற்றாக்குறை சம்பளத்தை நிறுத்தக் காரணமாகாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2021இல் திட்டவட்டமாகக் கூறிவிட்டது. ஊதிய விகிதத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் மாநில அரசு, அதன் செலவில் ஒரு பங்கை மாநில நிதிக் குழுவின் கணக்கில் சேர்த்தால்தான் இம்முடிச்சு தளரும்.

நகராட்சியின் கையிலேயே உள்ளவை சில உண்டு. ஒவ்வோர் ஆண்டும் தற்காலிகப் பணிமூப்புப் பட்டியலை வெளியிட்டு, ஆட்சேபங்களைக் கேட்டு, காரணத்துடன் முடிவு செய்து இறுதிப் பட்டியலை அறிவிப்பதற்குக் கூடுதல் நிதி வேண்டியதில்லை. ஓர் எழுத்தரும் ஒரு அறிவிப்புப் பலகையும் போதும். அவ்வாறு அறிவித்த பட்டியலை, பின்னர் காலந்தாழ்ந்து வரும் மனுவிலிருந்து நீதிமன்றமே காக்கிறது. ஊதியக் கோரிக்கைகளுக்கு வேறொரு கருவி தேவை. 2004இல் வெளியான தேசிய நகராட்சிக் கணக்குக் கையேடு, ரொக்கம் கைமாறிய நாளை விடுத்து, கடப்பாடு தோன்றிய நாளைக் கொண்டு கணக்கு எழுதும் முறையை வகுத்தது. நிலுவையிலுள்ள ஒவ்வொரு சம ஊதிய வழக்கிலும் தோற்றால் எவ்வளவு தர வேண்டும் என்ற தொகையை, சட்டப் பிரிவின் கோப்பிலிருந்து எடுத்து ஆண்டுக் கணக்கின் குறிப்பில் எழுதினால், வரவு செலவுத் திட்டத்துக்கு வாக்களிக்கும் மன்ற உறுப்பினர் அதைத் தம் கண்ணால் காண்பார்.