ஒளி என்னும் நிறைகோல்

காலைக் கதிர் சாளரத்தின் வழியே நுழையும்போது, அதுகாறும் தென்படாத தூசுகள் பளிச்சிடுவதை நேயர்கள் கண்டிருப்பர். ஒளி சிதறும் இப்பண்பே புரத மூலக்கூறுகளை நிறுக்கும் கருவியாயிற்று. 1944இல் பீற்றர் டெபாய் என்னும் பேரறிஞர் அதற்குரிய கணிப்பு முறையை வகுத்தார். செறிவு ஒன்றாயிருப்பின், மூலக்கூறு எத்துணை கனமானதோ அத்துணை மிகுதியாக ஒளி சிதறும்.

ஆயின், தனி மூலக்கூறுகளும் திரண்டு சேர்ந்தவையும் ஒரு கரைசலிற் கலந்திருப்பின், கிடைப்பது சராசரி நிறை மட்டுமே. ஆகவே அவற்றை முதலிற் பிரித்தல் வேண்டும். சுவீடன் நாட்டு உப்சாலாவில் பொராத், புளோடின் என்னும் இருவர் 1959இல் இதற்கு வழி காட்டினர். நுண்டுளைகள் உள்ள மணிகளை ஒரு குழாயில் நிரப்பிக் கரைசலைச் செலுத்தினால், துளைகளுட் புகவியலாத பெரியவை முந்தும். துளைதோறும் புகுந்து செல்லும் சிறியவை பிந்தும்.

இக்குழாயைத் தெரிவது எங்ஙனம்? முதலாவது, துளையின் அளவு. மாட்டுக் குருதியிலுள்ள அல்புமின் ஏறத்தாழ 66,000 டால்ற்றன் நிறையுடையது. இரண்டு இணைந்தால் 132,000. துளை மிகச் சிறிதாயின் இரண்டும் ஒருங்கே முந்தும். மிகப் பெரிதாயின் ஒருங்கே பிந்தும்.

இரண்டாவது, தூய்மை. மணிகளினின்று உதிரும் துகள்களின் செறிவு மிக அற்பம். செறிவளக்கும் கருவி அவற்றை உணராது. ஒளிச்சிதறற் கருவியோ அவற்றையே பெரிதாய்க் காட்டும். எனவே புதிய குழாயில் இரவு முழுவதும் கரைசலை ஓடவிட்டு, குறிகாட்டும் கோடு அமைதியுற்ற பின்னரே அளத்தல் நன்று.

மூன்றாவது, ஒட்டாமை. மணிகளில் ஒட்டித் தயங்கும் புரதம் பிந்தி வரும். வரும் நேரத்தைக் கொண்டு மட்டும் நிறையைக் கணிப்பவர் அதனைச் சிறியதென ஏமாறுவர். ஒளியோ உண்மை நிறையை உரைக்கும். எனினும் முற்றாய் ஒட்டிக்கொண்டு வெளிவராததை ஒளியும் காணாது. பிறபொருளெதிரி மருந்துகளில் திரண்ட மூலக்கூறுகள் நோயாளியின் உடலில் வேண்டாத எதிர்ப்பைத் தூண்டக்கூடும். அத்திரள்களே குழாயில் தங்கிவிட்டால், மருந்து தூயதெனத் தவறாய்த் தோன்றும். ஆதலின், இட்ட புரதம் எவ்வளவு, வெளிவந்தது எவ்வளவு என்று ஒப்பிடுதல் இன்றியமையாதது.

நிறைகோல் நேர்மையானதாயினும், தட்டில் வைக்கப்படாத பொருளை அது நிறுப்பதில்லை. ஒளிக்கும் இது பொருந்தும்.