நிரை மீண்டதா?



கடல் காணாத கம்பம் பள்ளத்தாக்கில், கடலில் மாண்டோரை நினைவுகூர விழைகிறேன். 1928 நவம்பர் 15 அன்று, இங்கிலாந்தின் ரை ஹார்பர் என்னும் சிற்றூரிலிருந்து உயிர்காப்புப் படகொன்று புயலில் புறப்பட்டது. அதில் சென்ற 17 பேரும் தாமே முன்வந்த தொண்டர்கள். அவர்கள் காக்கச் சென்ற மாலுமிகளை வேறொரு கப்பல் முன்னரே மீட்டிருந்தது. ‘திரும்பி வருக’ எனக் கரையிலிருந்து விடுத்த ஒளிக்குறி அவர்கள் கண்ணில் படவில்லை. ஒருவரும் உயிரோடு கரை சேரவில்லை.

அச்சாவு வீண் என்போமா? நம் முன்னோர் அவ்வாறு எண்ணியதில்லை. ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழி நடுகற்களுள் ஒன்று, ஆகோள் பூசலில் பட்டவனின் பெயரையும் கூடல் ஊரையும் சொல்கிறது. நிரை மீண்டதா என்பதை அது சொல்லவில்லை. சென்றான் என்பதே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைத் தீயில் சிக்கியோரை மீட்க, நம் மாவட்டத்து எளிய மக்களும் மலையேறினர்; தீக்காயமுற்றோரைச் சுமந்து இறக்கினர். உயிரோடு திரும்பியதாலேயே அவர்கள் பெயரை நாம் கேட்கவில்லை. பத்தாண்டு கண்ட நம் வட்டம் மலையடி ஊர்களுக்குச் சென்று, அப்பெயர்களைக் கேட்டு எழுதி வைக்க வேண்டும். கல் நடுவதற்குச் சாவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.