பிடியரிசியும் எஸ்.யூ. பணமும்
(இளைஞர் ஞாயிறு மாலைக் கூடுகையில் பேசியது)



நர்ஸ் பேசப்போகிறாள் என்றதும் சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று ஆரம்பிப்பேன் என நினைத்திருப்பீர்கள். இன்று அது இல்லை. காசு இல்லாத வீட்டுப் பிள்ளை மேற்படிப்பு படிப்பதைப் பற்றிப் பேசப்போகிறேன். நான் அப்படி ஒரு பிள்ளையாக இருந்தேன், இப்போது கல்லூரியில் படிக்கிற ஒரு பிள்ளைக்குத் தாயாகவும் இருக்கிறேன். இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

எனக்குச் சொந்த ஊர் தரங்கம்பாடிப் பக்கம். நர்சிங் படித்தது தமிழ்நாட்டில், ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில். யாழ்ப்பாணத்து அக்காமார் "கம்பஸ்" என்பீர்கள், நாங்கள் "காலேஜ்" என்போம். எப்படிச் சொன்னாலும் மாதக் கடைசியில் மெஸ் பில் வரும். பில் கட்டாதவர்கள் பெயரைச் சாப்பாட்டு அறை வாசலில் இருந்த கரும்பலகையில் எழுதிப் போடுவார்கள். இரண்டாம் வருடம் மூன்று மாதம் தொடர்ந்து என் பெயர் அதில் இருந்தது. அந்த வாசலைத் தாண்டிப் போய் உட்கார வெட்கப்பட்டு, இரவில் பட்டினியாகவே வார்டுக்குப் போயிருக்கிறேன். ஒரு நாள் மயங்கி விழுந்தேன். நோயாளியைப் பார்க்கப் போனவளை அதே வார்டில் படுக்கவைத்து குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

விஷயம் எப்படியோ எங்கள் ஊர்ச் சபைக்குப் போய்விட்டது. பெண்கள் சங்கத்தார் பிடியரிசி சேர்த்து வைப்பார்கள். சின்னப் பிள்ளைகளே, பிடியரிசி என்றால் என்ன தெரியுமா? அம்மா சோறு வடிக்க அரிசி அளந்து போடும்போது, அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பாள். மாதம் முடிந்ததும் எல்லார் வீட்டு அரிசியையும் ஒன்றாகக் கூட்டி விற்பார்கள். அந்தப் பணத்தில்தான் என் மெஸ் பில்லைக் கட்டினார்கள். அரிசி கொடுத்த வீடுகளில் பாதி எங்கள் வீட்டைவிட வசதி குறைந்தவை.

இனி டென்மார்க். ரவுண்ட் டவருக்குப் போன பிள்ளைகள் கை தூக்குங்கள். படிக்கட்டே இல்லாமல் சுற்றிச் சுற்றி ஏறுவோமே, அதுதான். அதற்கு எதிரே சிவப்புச் செங்கல்லில் ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. அதன் பெயர் ரெகன்சன். ஏழை மாணவர்கள் தங்கிப் படிக்க அரசர் நான்காம் கிறிஸ்டியான் கட்டியது, 1623இல் திறந்தார்கள். இன்றைக்கும் அங்கே மாணவர்கள் குடியிருக்கிறார்கள். அதற்கும் முன்னால், 1569இலேயே அவருடைய தகப்பனார் இரண்டாம் பிரெடெரிக் நூறு ஏழை மாணவர்களுக்கு இலவசச் சாப்பாடு ஏற்பாடு செய்திருந்தார். ஒரு வேடிக்கை கேளுங்கள். 1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் செய்துகொண்டு எங்கள் ஊரில் கோட்டை கட்டியதும் இதே கிறிஸ்டியானின் ஆட்கள்தான். எங்கள் கடற்கரையில் மிளகு வியாபாரம் பேசிய அதே வருடங்களில், இங்கே ஏழை மாணவனுக்குக் கூரை போட்டிருக்கிறார்கள். இதை எனக்குச் சொன்னவன் என் மகன். ஊர்க்காரி நான், எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சாப்பாட்டு மேசையின் இன்றைய வடிவம் என்று நான் நினைப்பது எஸ்.யூ. என்கிற அரசாங்கப் படிப்புதவி. 1970இல் தொடங்கியது. பதினெட்டு வயது தாண்டிய மாணவருக்கு மாதாமாதம் வருகிறது. மேற்படிப்புக்காக வீட்டைவிட்டு வெளியே தங்கினால் வரிக்கு முன் சுமார் 7,000 குரோனர். பெற்றோர் என்ன சம்பாதிக்கிறார்கள் என்று கேட்பதில்லை. வீட்டிலேயே இருந்தால் தொகை மிகவும் குறைவு. ஆனால் பெற்றோர் வருமானம் குறைவாக இருந்தால் அதற்கு மேல் ஒரு கூடுதல் தொகை உண்டு. கிளீனிங் வேலைக்கும் தொழிற்சாலைக்கும் போகிற நம் குடும்பங்களில் எத்தனை பேர் இந்தக் கூடுதலுக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம், வீட்டில் போய்ப் பாருங்கள். டேனிஷ் குடியுரிமை இல்லாவிட்டாலும், இருபது வயதுக்கு முன் பெற்றோருடன் இங்கே வந்து வாழ்கிற பிள்ளையும் எஸ்.யூ. கேட்கலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். "பெரியம்மா வீட்டு விலாசத்தில் பதிந்துவிட்டால் பெரிய தொகை கிடைக்கும்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது ஏமாற்று. பிடிபட்டால் பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டியது பிள்ளைதான், யோசனை சொன்னவர் அல்ல.

இனி என் வீட்டுக் கதை. மகனிடம் கேட்டு, அவன் சரி என்ற பிறகே சொல்கிறேன்.

மகன் கொலேகியத்துக்கு, அதாவது மாணவர் விடுதிக்குப் போகிறேன் என்றபோது நான் அழுதேன். ஹ்விடோவ்ரேயில் வீடு இருக்க ஏன் தனியே போகவேண்டும், ஊர் என்ன சொல்லும் என்று கேட்டேன். போய்விட்டான். அந்த வருடம் ஊரில் என் தங்கச்சி மகள் கல்லூரியில் சேர்ந்தாள். அரசுப் பள்ளியில் படித்த பெண். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. நல்ல திட்டம்தான், ஆனால் ஹாஸ்டல் கட்டணத்துக்கு அது போதாது. தங்கச்சி போனில் அழுதாள். நான் மகனிடம், "நீயும் கொஞ்சம் பாரேன், தம்பி" என்றேன்.

அவன் பார்த்தான். கோடை முழுவதும் ஒரு பண்டகசாலையில் வேலை, இலையுதிர் காலத்திலும் இரவு வேலை. பணம் ஊருக்குப் போனது. நான் பெருமைப்பட்டேன், ஜெபக் கூட்டத்தில் சாட்சியாகவும் சொன்னேன். அவன் வகுப்பில் தூங்கியதும், ஒரே தேர்வில் இரண்டு முறை தவறியதும் எனக்குத் தெரியாது. இங்கே ஒரு தேர்வுக்கு மூன்று வாய்ப்புகள்தான்.

பிறகு டிஜிட்டல் போஸ்டில் ஒரு கடிதம் வந்தது. எஸ்.யூ. வாங்குகிறவர் எவ்வளவு சம்பாதிக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு, ஃப்ரிபெலோப் என்பார்கள். வருடம் முடிந்தபின் வரிக்கணக்கோடு ஒப்பிடுவார்கள். தாண்டியிருந்தால் கூடுதலாக வாங்கிய எஸ்.யூ.வைத் திருப்பிக் கட்டவேண்டும், அதோடு ஏழு சதவீதம் சேர்த்து. அவனுக்கு வந்தது 11,000 குரோனருக்குக் கொஞ்சம் மேல். அந்தக் கடிதத்தை இரண்டு மாதம் என்னிடம் காட்டவில்லை. அவனுக்குக் கரும்பலகை என் முகம்தான் என்று எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

இத்தனைக்கும் தவிர்த்திருக்கலாம். அதிகம் சம்பாதிக்கப்போகிற மாதத்துக்கு எஸ்.யூ. வேண்டாம் என்று முன்கூட்டியே இணையத்தில் பதிந்துவிட்டால் வரம்பு உயர்கிறது, அந்த மாதத்துக் கிளிப்பும் வீணாவதில்லை. ஒரு கிளிப் என்பது ஒரு மாத உதவி. மிச்சப்படுத்திப் பின்னால் எடுக்கலாம். ஐந்து நிமிட வேலை. யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவர்களிடம் அவன் கேட்கவில்லை.

கடைசியில் கல்லூரியின் படிப்பு ஆலோசகரிடம் போனான். அவர் திட்டவில்லை, முதலில் "தூங்குகிறாயா?" என்று கேட்டாராம். பிறகு மேற்படிப்பு மாணவர்களுக்கென்று 1964 முதல் இருக்கிற அரசாங்க ஆலோசனை நிலையத்துக்கு அனுப்பினார். அங்கே உளவியலாளரும் சமூகப் பணியாளரும் இலவசமாகப் பேசுகிறார்கள். பெற்றோருக்குத் தகவல் போகாது. அம்மாவாக எனக்கு அது முதலில் கோபம். நர்ஸாக, அதுவே சரி என்று தெரியும். திருப்பிக் கட்டவேண்டியதைத் தவணையாக்கினார்கள். இரவு வேலையை விட்டான். மூன்றாம் முறை எழுதித் தேறிவிட்டான். தங்கச்சி மகளுக்கு இப்போது நான் அனுப்புகிறேன். வாரக்கடைசி டியூட்டி ஒன்று கூடுதலாகப் போட்டிருக்கிறேன்.

இன்னும் சில உதவிகள் இருக்கின்றன. எழுத்துக்கூட்டி வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு எஸ்.பி.எஸ். என்ற ஏற்பாட்டில் கணினிக் கருவியும் உதவி ஆசிரியரும் கிடைக்கும். "சோம்பேறி" என்று நாம் பெயர் வைத்த பிள்ளைகளில் சிலருக்கு இதுதான் தேவையாக இருக்கலாம். நோயாலோ ஊனத்தாலோ படிப்போடு வேலை செய்ய முடியாதவருக்குத் தனிக் கூடுதல் தொகை உண்டு. வாடகை உதவி உண்டு. எஸ்.யூ. கடனும் உண்டு, ஆனால் படிக்கும்போதே நான்கு சதவீத வட்டி ஓடும், அதனால் அதைக் கடைசியில் பாருங்கள்.

"அரசாங்கத்திடம் கை நீட்டுவதா?" என்று ஒரு ஐயா போன வாரம் என்னிடம் கேட்டார். ஐயா, நீங்கள் முப்பது வருடம் கட்டிய வரி அது. இலங்கையில் 1945 முதல் இலவசக் கல்வி, 1981 முதல் மகாபொல உதவித்தொகை. அதில் படித்து வந்தவர்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறீர்கள். அது கை நீட்டல் என்று அன்று யாரும் நினைத்ததில்லையே.

ஆகவே சபையாரிடம் ஒரு வேண்டுகோள். மாதத்தின் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து டீ குடிக்கும் நேரத்தில், சமையலறைப் பக்கத்து மேசையை எங்களுக்கு விட்டுவிடுங்கள். படித்துக்கொண்டிருக்கிற அண்ணன் ஒருவரும் அக்கா ஒருவரும் உட்கார ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் இருப்பேன். பிள்ளைகள் தங்கள் கடிதங்களைக் கொண்டுவரலாம், திறக்கப் பயந்து வைத்திருப்பதையும் சேர்த்து. அங்கே பேசுவது அந்த மேசையோடு நிற்கும். அம்மாமாரே, அப்பாமாரே, டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விடவேண்டும். நானும் என் மகன் வருகிற அன்று உங்களோடு அங்கேதான் இருப்பேன்.